தற்செயலும் அயலாரும்: விவிலியக் கதைகளிலும் டால்ஸ்டாயின் ஒரு சிறுகதையிலும் வழிச்சந்திப்பு

முன்னுரை

நாள்தோறும் நம் கண்ணில் படும் மனிதருள் மிகப் பலர் முன்பின் அறிமுகமற்றவர்கள். பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் மருத்துவமனையின் காத்திருப்பு இருக்கையிலும் அவர்கள் சிறிது நேரம் நம்மருகே இருந்து பின் மறைகின்றனர். அவர்களுள் ஒருவர் என்றோ ஒரு நாள் நம்மிடம் உதவி கேட்கிறார். அல்லது நாம் கேளாமலே உதவி செய்கிறார். அந்தச் சந்திப்புக்குப் பொருள் உண்டா என்னும் வினா அதன் பின்னரே எழுகிறது. கிறித்தவ நம்பிக்கையின் வழிநின்று எழுதப்படும் அனுபவக் கட்டுரைகளும் சாட்சியுரைகளும் பெரும்பாலும் இவ்வினாவுக்குத் தயக்கமின்றி விடை கூறுகின்றன. தற்செயல் என்று ஒன்றில்லை. வந்தவர் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்பதே அவ்விடை.

இவ்விடை பக்தியின்பாற் பட்டது. அதனை எள்ளுதல் நம் நோக்கமன்று. ஆயினும் அதனுள் ஓர் இலக்கியச் சிக்கலும் ஓர் அறச்சிக்கலும் உள்ளன. எதிர்ப்பட்டவர் 'எனக்காக' அனுப்பப்பட்டவர் என்று கொண்டவுடன், அவருக்கென ஓர் ஊரும் பசியும் துயரும் இருந்தன என்பது கதையிலிருந்து மறையத் தொடங்குகிறது. அவர் தனி மனிதர் என்னும் நிலையிலிருந்து இறங்கி, கதை சொல்பவரின் ஆன்மிக வரலாற்றில் ஓர் அடையாளமாக மட்டும் நின்றுவிடுகிறார். இது கிறித்தவ எழுத்துக்கு மட்டும் உரிய குறையன்று. சமயம் சார்ந்த எந்த அனுபவ எழுத்திலும் நேரக்கூடியது. ஆனால் கிறித்தவ மரபின் மூல நூல்களே இக்குறைக்கு எதிராக நிற்கின்றன என்பது கருதத்தக்கது.

இக்கட்டுரையில் ரூத் நூலின் ஒரு நிகழ்ச்சி, லூக்கா நற்செய்தியின் இரு கதைகள், டால்ஸ்டாய் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறுகதை ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம். தமிழ் மாணவர்க்கு அறிமுகமான ஆற்றுப்படை மரபையும் விருந்தோம்பல் சிந்தனையையும் ஒப்புநோக்குக்குக் கொள்கிறோம். இக்கதைகள் சந்திப்பைத் தற்செயலாகவே விட்டுவைக்கின்றன என்பதும், சந்தித்தபின் மனிதர் செய்வதையே சமயத்தின் களமாகக் கொள்கின்றன என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1. 'தற்செயல்' என்னும் சொல்லாட்சி

இறைவனின் திட்டத்தைப் பேசும் நூலில் 'தற்செயல்' என்னும் சொல்லுக்கு இடமிராது என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் விவிலியத்தில் இரண்டு முதன்மையான இடங்களில் அச்சொல் காணப்படுகிறது. இரண்டும் அந்நியரைப் பற்றிய இடங்களே.

முதலாவது ரூத் நூலின் இரண்டாம் அதிகாரம். ரூத் மோவாபு நாட்டுப் பெண், கணவனை இழந்தவள், மாமி நகோமியுடன் பெத்லகேமுக்கு வந்தவள். அறுவடை வயலில் சிந்தும் கதிர்களை ஏழைகளுக்கும் அந்நியர்களுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது இசுரயேலரின் சட்டம். அச்சட்டத்தின் துணையால் கதிர் பொறுக்கச் சென்ற ரூத், போவாசு என்பவனுக்கு உரிய வயலில் தற்செயலாகச் சேர்ந்தாள் என்கிறது கதை. எபிரேய மூலத்தில் ஒரே வேரிலிருந்து பிறந்த வினையும் பெயரும் அடுத்தடுத்து வந்து இத்தற்செயலை அழுத்தமாக்குகின்றன. போவாசு அவள் குடும்பத்துக்கு உறவினன் என்பதும், அச்சந்திப்பிலிருந்து தாவீது அரசனின் மரபு தோன்றும் என்பதும் கதைசொல்லிக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவர் 'இறைவன் அவளை அங்கு நடத்தினார்' என்று எழுதவில்லை. மாலையில் வீடு திரும்பிய ரூத்தின் கையிலிருந்த தானியத்தைக் கண்டு, வயலுக்கு உரியவன் பெயரையும் கேட்டறிந்த பின்னர், நகோமியே இறைவனின் இரக்கத்தைப் போற்றுகிறாள்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. இறைவன் செயல் என்னும் விளக்கம் கதைசொல்லியின் கூற்றாக அன்றி, பசியிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் கூற்றாக வருகிறது. நன்மை பெற்றவர் பின்னோக்கிப் பார்த்துக் கூறும் நன்றியுரை அது. நன்மை செய்தவனாகிய போவாசு, தான் ஒரு தெய்விகத் திட்டத்தின் கருவி என்று அன்று எங்கும் கூறிக்கொள்ளவில்லை. அந்நியப் பெண்ணாகிய தன்மீது ஏன் இத்தனை பரிவு என்று ரூத் கேட்கும்போது, அவள் தன் மாமிக்குச் செய்ததையும் தன் நாட்டை விட்டு வந்ததையும் தான் கேள்விப்பட்டிருப்பதாக அவன் விடை கூறுகிறான். அவளுக்கென ஒரு வரலாறு உண்டு என்பதை அவன் அறிந்து மதிக்கிறான்.

இரண்டாவது இடம் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமுள்ளது; ஏறத்தாழ 1000 மீட்டர் கீழிறங்குவது. அவ்வழியில் கள்வரிடம் அகப்பட்ட ஒருவன் ஆடை பறிக்கப்பட்டு, அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். அப்போது தற்செயலாக ஒரு குரு அவ்வழியே வருகிறார். கண்டும் விலகிச் செல்கிறார். தற்செயல் என்று பொருள்படும் 'சுன்குரியா' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுமையிலும் இவ்வொரே இடத்தில்தான் வருகிறது.

அச்சொல் யாருக்கு அடையாகிறது என்பதை நோக்க வேண்டும். உதவிய சமாரியனின் வருகையைக் கதை தற்செயல் என்று குறிக்கவில்லை. அவன் பயணம் செய்கையில் அவ்விடத்துக்கு வந்தான் என்று மட்டும் கூறுகிறது. தற்செயல் என்னும் சொல் விலகிச் சென்ற குருவுக்கே சேர்கிறது. சந்திப்பு அவருக்கும் வாய்த்தது. அவர் அதைப் பயன்கொள்ளவில்லை. எனவே சந்திப்பு நேர்வதில் எந்தப் புனிதமும் இல்லை என்பதும், நேர்ந்தபின் எடுக்கும் முடிவே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதும் இக்கதையின் அமைப்பிலிருந்தே பெறப்படுகின்றன.

இக்கதையை 'சமாரியனின் இரக்கத்தை வெளிப்படுத்த இறைவன் அமைத்த நிகழ்ச்சி' என்று விளக்கினால் என்ன நேரும்? அடிபட்டவன், பிறர் பாடம் கற்பதற்காக அடிபட்டவன் ஆகிவிடுவான். கதை அவ்வாறு கூறவில்லை. அவனை அடித்தவர்கள் கள்வர்கள். நம் அனுபவ எழுத்துகளில் விபத்தில் சிக்கியவரோ தெருவில் பசித்து நின்றவரோ எழுதுபவரின் மனமாற்றத்துக்காகவே அங்கு வைக்கப்பட்டவர்போல் சித்திரிக்கப்படும்போது, அறச்சிக்கல் எழுவது இவ்விடத்தில்தான்.

2. 'பிறன்' யார்?

சமாரியன் கதை ஒரு வினாவுக்கு விடையாகச் சொல்லப்பட்டது. தன்னைப்போல் நேசிக்கப்பட வேண்டியவர் யார் என்று சட்ட அறிஞர் ஒருவர் கேட்கிறார். இங்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் கையாளும் சொற்கள் ஆய்வுக்கு உரியவை. ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான மொழிபெயர்ப்பு 'பிறன்' என்னும் சொல்லைக் கொண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்று கொண்டது. கிரேக்க மூலச்சொல் அண்மையில் இருப்பவர் என்னும் பொருளைத் தருவது. ஆதலின் பின்னைய சொல் மூலத்துக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 'பிறன்' என்னும் சொல்லாட்சி எதிர்பாராத ஓர் ஆழத்தைத் தமிழுக்குத் தந்திருக்கிறது. திருக்குறளில் 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத் தலைப்பில் நாம் காண்பதுபோல், பிறன் என்பான் நானல்லாதவன். எனக்கு உரியவன் அல்லன். அருகில் இருப்பதால் அன்பு செய் என்பதற்கும், பிறனாக இருப்பவனிடத்திலும் அன்பு செய் என்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னையது அவனுடைய வேற்றுமையை அழிக்காமலே அன்பைக் கோருகிறது. ஆடை பறிக்கப்பட்டதால் உடையைக் கொண்டும், பேச இயலாமையால் மொழியைக் கொண்டும், அடிபட்டவன் எந்த இனத்தவன் என்று கண்டறிய வழியில்லை. யூதர்க்கும் சமாரியர்க்கும் பகை நிலவிய காலத்தில் அவன் முற்றிலும் ஒரு 'பிறனாக'வே கிடக்கிறான்.

கதையின் முடிவில் இயேசு வினாவையே திருப்பிவிடுகிறார். எனக்கு அயலார் யார் என்பது அறிஞரின் வினா. இம்மூவருள் எவன் அயலான் ஆனான் என்பது இயேசுவின் வினா. கிரேக்க மூலத்தின் வினை 'ஆதல்' என்னும் பொருளுடையது. அயலார் என்போர் பட்டியலில் முன்பே இடம்பெற்றிருப்பவர் அல்லர். ஒருவன் தன் செயலால் அயலானாக ஆகிறான். சந்திப்பு தற்செயலாக இருக்கலாம்; அயலானாதல் தற்செயலாக நிகழ்வதில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும், தன் விலங்கின்மீது ஏற்றுதலும், சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு தெனாரியமும், மேற்செலவுக்குத் தந்த உறுதியும் எனக் கதை செயல்களைக் கணக்கிட்டுச் சொல்வது இதனால்தான். சமாரியன் அதன்பின் தன் வழியே போகிறான். அடிபட்டவன் நன்றி கூறினானா, இருவரும் மீண்டும் கண்டனரா என்பன கதைக்குத் தேவைப்படவில்லை.

3. ஆற்றுப்படையும் விருந்தும்

வழியில் எதிர்ப்படும் அந்நியரைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. அச்சந்திப்பையே அடித்தளமாகக் கொண்ட ஓர் இலக்கிய வகை நம்மிடம் உள்ளது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுடன் எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற இடத்துக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் மன்னரிடத்தும் தலைவரிடத்தும் ஆற்றுப்படுத்துவன.

பொருநராற்றுப்படையில், வழி தவறிச் செல்லாமல் தன்னை எதிர்ப்பட்டது நீ நோற்றதன் பயன் என்று வழிகாட்டுபவன் மற்றவனிடம் கூறுகிறான். தற்செயலைத் தற்செயலாக விடாது, அதற்குக் காரணம் காணும் மனப்போக்கு இங்கும் உள்ளது. ஆயினும் அவன் கூறும் முறை கவனிக்கத்தக்கது. உனக்கு உதவ நான் அனுப்பப்பட்டேன் என்று அவன் கூறவில்லை. சந்திப்பின் சிறப்பை எதிரிலுள்ளவனின் நோன்புக்கு உரியதாக்குகிறான். உதவுபவன் தன்னை மையமாக்காமல் ஒதுங்கி நிற்கும் பண்பு அது. போவாசின் அடக்கத்தோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் நேற்றுவரை வறியவன். தன் பழைய பசியை நினைவுகூர்ந்தே அவன் பேசுகிறான். நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்களே என்னும் நினைவூட்டலின்மீதே விவிலியத்தின் விடுதலைப்பயண நூல் அந்நியரைத் துன்புறுத்தலாகாது என்னும் கட்டளையை நிறுத்துகிறது. இரு மரபுகளிலும் பரிவுக்கு ஊற்று, தானும் ஒரு காலத்தில் அந்நிலையில் இருந்தமையின் நினைவே.

வேறுபாட்டையும் மறைத்தலாகாது. ஆற்றுப்படையில் எதிர்ப்படுவோர் பெரும்பாலும் ஒரே தொழில் மரபினர். பாணனைப் பாணனும் கூத்தனைக் கூத்தனும் ஆற்றுப்படுத்துகின்றனர். சமாரியன் கதையிலோ எதிர்ப்படுவோரிடையே பொதுவானது எதுவும் இல்லை. இவ்விடைவெளியைத் தமிழில் நிரப்பும் சொல் 'விருந்து'. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்று விருந்து. அங்கு அது புதுமை குறித்தது. திருக்குறளில் அச்சொல் ஆகுபெயராய்ப் புதியவரைக் குறிக்கும் என்று விளக்கும் பரிமேலழகர், விருந்தினரை இரு வகையினராகப் பிரிக்கிறார். முன்னறிமுகத்தால் நாடி வருவோர் ஒரு வகை. அறிமுகம் இன்றி, கருதாது வருவோர் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையினரே நம் ஆய்வுக்கு உரிய அந்நியர். கிரேக்கத்திலும் 'க்செனோசு' என்னும் ஒரே சொல் அந்நியரையும் விருந்தினரையும் குறிக்கும். எபிரேயர் திருமுகத்தில் விருந்தோம்பலைக் குறிக்கும் 'பிலொக்செனியா' என்பது சொற்பொருளால் அந்நியர்மீது கொள்ளும் அன்பே. தொலைவிலுள்ள இரு மொழிகள், புதியவரையும் விருந்தினரையும் ஒரே சொல்லில் கண்டிருக்கின்றன.

அதே திருமுகப் பகுதி, சிலர் அறியாமலே வானதூதரை உபசரித்ததுண்டு என்று நினைவூட்டுகிறது. வெயில் வேளையில் கூடார வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம் மூவரைக் கண்டு எதிர்கொண்டு ஓடிய நிகழ்ச்சியை இது சுட்டுவதாகக் கொள்வர். சாட்சியுரைகள் மிகுதியும் எடுத்தாளும் பகுதி இது. ஆனால் இதன் உயிர்நிலை 'அறியாமலே' என்னும் சொல்லில் உள்ளது. வானதூதராக இருக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்புடன் உபசரிப்பவர் அறிந்து உபசரிப்பவர் ஆகிறார். அவர் இக்கூற்றின் வட்டத்துக்குள் வரார்.

4. பெயரிட்ட பயணிகள்

அந்நியரின் புதுமை முற்றும் நீங்கிய ஒரு பயண இலக்கியத்தையும் இங்கு ஒப்பிடலாம். ஜான் பனியனின் 'மோட்சப் பயணம்' 1678இல் வெளிவந்தது. அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அழிவின் நகரத்திலிருந்து புறப்பட்ட பயணி வழியில் பலரைச் சந்திக்கிறான். பனியனின் கதையில் அவர்களுடைய பெயர்களே அவர்களுடைய பண்புகளாகும். பெயரைக் கேட்டவுடன் அவர் நல்லவரா, வழிகெடுப்பவரா என்பது படிப்பவர்க்கு விளங்கிவிடுகிறது.

உருவகக் காப்பியத்துக்கு இது குறையன்று. அதன் இலக்கணமே இது. ஆன்மாவின் அகப்போராட்டங்களைப் புறத்தே உருவாக்கிக் காட்டுவது அதன் நோக்கம். கிருஷ்ண பிள்ளை அதனைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொண்டுவந்த திறம் தனியே போற்றத்தக்கது. ஆனால் அந்த உருவக முறையை அன்றாட வாழ்வின் தெருவுக்குக் கொண்டுவரும்போது சிக்கல் தோன்றுகிறது. தெருவில் எதிர்ப்படுபவரின் நெற்றியில் 'உதவி' என்றோ 'சோதனை' என்றோ எழுதியிருப்பதில்லை. அனுபவ எழுத்து அவருக்கு அவ்வாறு பெயரிடும்போது, உருவகக் காப்பியத்தின் வழியை உரைநடை வாழ்வின்மீது சுமத்துகிறது. காப்பியத்தில் அகத்தின் உருவமாக நின்றது, வாழ்வில் ஒரு மனிதரை மறைக்கும் திரையாகிறது.

5. அவ்தேயிச்சின் சன்னல்

டால்ஸ்டாயின் கதை இவ்விரு வழிகளுக்கும் இடையே நிற்கிறது. 'அன்புள்ள இடத்தில் கடவுள்' எனப் பொருள்படும் தலைப்புடைய இக்கதை, எளிய மக்களுக்காக மலிவு விலை நூல்களை வெளியிட்ட 'பொஸ்ரெத்னிக்' பதிப்பகத்தின் வழி 1885இல் வெளிவந்தது. பிரெஞ்சுப் போதகர் ரூபன் சாயென்ஸ் எழுதிய ஒரு கதையை அடியொற்றி அமைந்தது. நீதிக்கதையாகவே பெரிதும் அறியப்பட்ட இதன் கலையமைதி போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

மார்ட்டின் அவ்தேயிச் ஒரு செருப்புத் தைப்பவர். நிலவறை ஒன்றில் வாழ்கிறார். அதன் ஒரே சன்னல் வழியே தெருவில் செல்வோரின் கால்கள் மட்டுமே தெரியும். ஆயினும் காலணியைக் கொண்டே அவர் ஆள்களை அடையாளம் காண்பார். அப்பகுதியில் அவர் கைபடாத காலணி அரிது. மனைவியை இழந்து, பின் ஒரே மகனையும் இழந்து நம்பிக்கை கெட்டிருந்தவர், ஒரு முதிய பயணியின் சொல்லால் நற்செய்தி நூலைப் படிக்கத் தொடங்குகிறார். ஓர் இரவு, நாளை தெருவைப் பார், நான் வருவேன் என்று ஒரு குரல் கேட்கிறது. மறுநாள் முழுவதும் அவர் சன்னலைப் பார்த்தபடியே வேலை செய்கிறார்.

அன்று அவர் காண்பவர்கள் மூன்று நிகழ்ச்சிகளில் வருகின்றனர். பனியை வாரிக் களைத்து நிற்கும் முதிய படைவீரர் ஸ்தெபானிச்சுக்குத் தேநீர் தருகிறார். குளிருக்குப் பொருந்தா உடையில் குழந்தையுடன் நிற்கும் அந்நியப் பெண்ணை அழைத்து உணவு தருகிறார்; அவள் அடகு வைத்த சால்வையை மீட்கக் காசும் ஒரு பழைய மேலாடையும் தருகிறார். இறுதியாக, ஆப்பிள் விற்கும் மூதாட்டிக்கும் ஆப்பிளைத் திருடிய சிறுவனுக்கும் நடக்கும் சண்டையைத் தீர்த்து வைக்கிறார். இரவில் அம்மூவரும் சிறுவனும் குழந்தையும் இருளிலிருந்து தோன்றி மறைகின்றனர். அவர்களாக வந்தது தானே என்று குரல் கூறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரப் பகுதி அவர் கண்ணில் படுகிறது.

இக்கதையின் அமைப்பில் இன்றியமையாதது அவ்தேயிச்சின் அறியாமை. அவர் எதிர்பார்த்தது ஒருவரை. வந்தவர்கள் வேறு சிலர். கிழவர் தேநீர் அருந்தும்போதும் அவ்தேயிச்சின் கண் சன்னலுக்கே செல்கிறது. வந்தவர்தாம் எதிர்பார்க்கப்பட்டவர் என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. அவ்வாறு நினைத்திருந்தால் தேநீர் கிறித்துவுக்கு அளிக்கப்பட்டிருக்கும், ஸ்தெபானிச்சுக்கு அன்று. அந்தப் பெண்ணின் கணவன் படையில் தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டு எட்டுத் திங்களாகச் செய்தியில்லை என்பதையும், அவள் வேலை தேடி அலைந்ததையும் அவ்தேயிச் உட்கார்ந்து கேட்கிறார். அவளுக்கென ஒரு கதை இருப்பதைக் கதைசொல்லி நமக்கும் தருகிறார். மத்தேயு நற்செய்தியிலும் நீதிமான்கள், உம்மை எப்போது கண்டோம் என்று வியந்து கேட்பவர்களே. அவர்களுடைய நன்மைக்குச் சான்று அந்த அறியாமைதான்.

கதையின் மிக உயர்ந்த இடம் ஆப்பிள் நிகழ்ச்சியே என்பது நம் மதிப்பீடு. முதல் இரு நிகழ்ச்சிகளில் கொடுப்பவர், பெறுபவர் என்னும் நிலை உள்ளது. மூன்றாவதில் ஒருவருக்கொருவர் அந்நியரான இருவர் இணங்குகின்றனர். மூதாட்டி மூட்டையைத் தூக்க முயலும்போது, தானே சுமப்பதாகச் சிறுவன் முன்வருகிறான். இருவரும் பேசிக்கொண்டே தெருவில் போகின்றனர். சிறுவனுக்குக் கொடுத்த ஆப்பிளுக்கு விலை தருவதாக அவ்தேயிச் கூறியிருந்தார். அதைக் கேட்டு வாங்கவும் மூதாட்டி மறந்து போகிறாள். அவர் நின்று பார்க்கிறார். அவர்களுடைய பேச்சு அவருக்குக் கேட்கிறது. அவர் அதில் பங்குகொள்ளவில்லை. சந்திப்பு அவரைக் கடந்து தன் வழியே செல்கிறது.

இதனோடு ஒப்பிட, கதையின் இறுதிக் காட்சி சற்று வலுக்குறைந்தது என்றே கூற வேண்டும். ஒவ்வொருவராகத் தோன்றிப் புன்னகைத்து மேகம்போல் மறையும்போது, பகலில் தனித்தனி மனிதராய் இருந்தவர்கள் ஒரே பொருளின் வேடங்களாகச் சுருங்கிவிடும் ஆபத்து எழுகிறது. எளிய மக்கள் பதிப்புக்கு விளக்கமான முடிவு தேவைப்பட்டிருக்கலாம். எனினும் டால்ஸ்டாய் அக்காட்சியை இரவுக்கு ஒதுக்கியதால் கதை காப்பாற்றப்படுகிறது. பகலில் அம்மனிதர்கள் மனிதர்களாகவே வந்து, மனிதர்களாகவே போய்விட்டனர். விளக்கம் பின்னரே வருகிறது. நகோமி மாலையில் கூறியது போன்றே இங்கும் பொருள் காணல் நாள் முடிந்தபின் நிகழ்கிறது.

6. எம்மாவு வழி

அறியாமைக்கும் அறிதலுக்கும் உள்ள இவ்வுறவை லூக்கா நற்செய்தியின் இறுதி அதிகாரம் இன்னும் செறிவாகக் காட்டுகிறது. சீடர் இருவர் எருசலேமிலிருந்து 60 ஸ்தாதியம், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம்மாவு ஊருக்குத் துயரத்துடன் நடக்கின்றனர். வழியில் ஒருவர் உடன் சேர்கிறார். எருசலேமில் நடந்ததை அறியாத அந்நியர் நீர் ஒருவர்தாமோ என்று கிளயோப்பா அவரிடம் வியந்து கேட்கிறார். உயிர்த்த இயேசுவையே அவர் அந்நியர் என்கிறார்.

ஊர் நெருங்கியதும் அந்நியர் மேலும் நடந்து செல்பவர்போல் காட்டிக்கொள்கிறார். இச்சிறு குறிப்பு பெரும்பாலும் கவனிக்கப்படாதது. தங்கியே தீர வேண்டும் என்று அவர் தம்மைத் திணிக்கவில்லை. பொழுது சாய்ந்ததைக் காட்டி அவர்களே வற்புறுத்தி அழைக்கின்றனர். அவர்களுடைய விருந்தோம்பல் அவர்களுடைய விருப்பத்தால் நிகழ்வது. பந்தியில் விருந்தினரே அப்பத்தை எடுத்துப் பிட்டு அவர்களுக்குத் தருகிறார். விருந்தினரும் விருந்து படைப்பவரும் இடம் மாறுகின்றனர். அப்போது கண் திறக்கிறது, அவர் மறைகிறார். அறிந்துகொண்ட அக்கணமே அவர் அவர்களுடைய உடைமையாக இல்லாமற் போகிறார். இக்கதையிலும் முதலில் வருவது அழைப்பு, அறிதல் பின்னர்.

முடிவுரை

எடுத்துக்கொண்ட கதைகளிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, கிறித்தவ மூல நூல்கள் தற்செயல் என்னும் சொல்லை அஞ்சவில்லை. ரூத்தின் வருகைக்கும் எரிகோ வழியில் குருவின் வருகைக்கும் அச்சொல்லையே இட்டன. இறைவனின் பராமரிப்பை நம்புவதும் ஒரு சந்திப்பைத் தற்செயல் என்று அழைப்பதும் முரணானவை என்று அவை கருதவில்லை.

இரண்டாவது, 'இறைவன் அனுப்பினார்' என்னும் கூற்றுக்கு உரியவர் யார் என்பது முதன்மையான வினா. நகோமியைப்போல் நன்மை பெற்றவர் அதனைக் கூறும்போது அது நன்றியாகிறது. நன்மை செய்தவர் தம்மைப்பற்றிக் கூறும்போது அது தற்பெருமைக்கு அருகில் வருகிறது. பிறர் துன்பத்தைக் கண்டவர், அத்துன்பம் தமக்குப் பாடமாக அனுப்பப்பட்டது என்று கூறும்போது, அது துன்புற்றவருக்கு இழைக்கும் அநீதியாகிறது.

மூன்றாவது, சிறந்த கதைகளில் அந்நியர் இறுதிவரை தம் வழியை உடையவர்களாகவே இருக்கின்றனர். சமாரியன் புறப்பட்டுச் செல்கிறான். எம்மாவின் விருந்தினர் மறைகிறார். மூதாட்டியும் சிறுவனும் பேசிக்கொண்டே போகின்றனர். அனுபவ எழுத்தின் தரத்தை மதிப்பிட இதனையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

வகுப்பறையில் இக்கதைகளைக் கற்பிக்கும்போது, 'பிறர்க்கு உதவினால் இறைவன் அருள்வார்' என்னும் நீதியோடு பாடத்தை முடித்துவிடுவது எளிது. அதனினும் பயனுள்ள வினாக்கள் உள்ளன. தற்செயலாக வந்தவர் என்று கதை யாரைக் குறிக்கிறது? உதவி பெற்றவரைப்பற்றிக் கதை நமக்கு என்னென்ன கூறுகிறது? அவருக்குப் பெயர் உண்டா? அவர் பேசுகிறாரா? கதை முடிந்தபின் அவர் எங்குச் செல்கிறார்? இவ்வினாக்களோடு பொருநராற்றுப்படையையும் விருந்தோம்பல் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், தம் மரபு எதுவாயினும், எதிர்ப்படும் புதியவரைத் தம் கதையின் துணைப்பாத்திரமாகக் கொள்ளாது, தமக்கெனக் கதையுடைய ஒரு பிறராகக் காணப் பழகுவர். இலக்கியக் கல்வி சமயத்துக்கும் சமுதாயத்துக்கும் செய்யக்கூடிய பணி அதுவே எனக் கருதுகிறோம்.